விட்டுப்போன ஆஸ்பத்திரிப் பாடம்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் நவ்யாவை அவரைக்காயும் அரிவாள்மணையுமாகச் சமையல்கட்டில் உட்கார வைத்து, மேடை மேல் போனை அடிக்கவிட்டு, நான் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டேன். "போன் அடிச்சா எடுக்கறதுக்கு ஒரு வாரமாங்க?" என்று சூலூர் வாசகி ஒருவர் கடுப்பாகக் கேட்டிருக்கிறார். நியாயம்தான் தாயே. இதோ, எடுக்கப்போகிறாள்.

அதற்கு முன்னால், நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். தொண்டாமுத்தூர் சென்னகேசவனுக்கும் லட்சுமியம்மாளுக்கும் இரண்டு பையன்கள். மூத்தவன் ரித்விக் பிரான்ஸில் ஒரு சின்ன ஊரில் நெசவு மெஷின் கம்பெனியில் இன்ஜினியர். இளையவன் ஆதர்ஷ் பெங்களூரில். ரித்விக்குக்குக் கல்யாணம் முடிந்த கையோடு லீவும் முடிந்துவிட்டது. பெண்டாட்டி நவ்யாவை அம்மா கையில் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். அவளுக்கு விசா இன்னும் வந்தபாடில்லை. அங்கே போய் வாய் பேசாத பொம்மையாக நிற்கக் கூடாது என்று, அவள் உக்கடத்தில் ரிஃபத் மிஸ்ஸிடம் பிரெஞ்சு படிக்கிறாள்.

படிக்கிறாள் என்றால் சும்மா இல்லை. வீடு பூராவும் துண்டுச் சீட்டு ஒட்டிவைத்திருக்கிறாள். மேலே இங்கிலீஷ், கீழே பிரெஞ்சு. உப்பு டப்பாவில் சால்ட், அதன் கீழே ஸெல். கதவில் டோர், அதன் கீழே போர்த். லட்சுமியம்மாள் முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு, மாமியாருக்கு பிரெஞ்சில் 'பெல் மேர்' என்றும், அதை அப்படியே சொன்னால் அழகான அம்மா என்றும் ரித்விக் வீடியோ காலில் சொன்னான். அன்றைக்குப் பூராவும் அவளைப் பிடிக்க முடியவில்லை.

எல்லாம் நல்லாத்தான் போனது. ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். நவ்யா சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஆக்சிடெண்ட், பிளட், ஆபரேஷன் என்று வரிசையாக வந்து, 'டெத்' என்ற இடத்தில் பூஜை ரூமிலிருந்து மணிச் சத்தம் நின்றது.

"அம்மணி! விளக்கு வெக்கற நேரத்துல என்ன பேச்சு இது? என்ற பையன் அத்தனை தூரத்துல தனியா இருக்கறான், நீ இங்க உக்காந்து சாவு, ரத்தம்னு பாடம் படிக்கறே?"

"பாடங்க அத்தை. ஆஸ்பத்திரிப் பாடம்."

"எந்தப் பாடமா வேணா இருக்கட்டும். இந்த ஊட்டுல அது வேண்டாம்."

சொன்னதோடு விட்டாளா? புத்தகத்தை வாங்கி, ஸ்டேப்ளரை எடுத்து, அந்தப் பாடத்துப் பக்கங்களைச் சேர்த்து மூலைக்கு மூலை பின் அடித்துவிட்டாள். விஷயத்தைக் கேட்ட ரிஃபத் மிஸ், "அதுதாங்க அவசியம் படிக்க வேண்டிய பாடம், விடாதீங்க" என்றார். நவ்யா விட்டுவிட்டாள். மாமியார் மனசு நோகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தாள். நம்மில் யார்தான் நினைத்திருக்க மாட்டோம், சொல்லுங்கள்.

இப்போது போன்.

வெளிநாட்டு நம்பர். ரித்விக்கின் நம்பர் இல்லை. இங்கே வெயில் ஏறிவிட்டது, அங்கே இன்னும் விடிந்திருக்காது. இந்த நேரத்தில் யார்?

"மதாம் நவ்யா?"

பெண் குரல். பின்னால் ஏதோ ஒரு மெஷின் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

"வீ" என்றாள் நவ்யா. ஆமாம் என்று அர்த்தம்.

அவ்வளவுதான், அந்தப் பெண் கொட்ட ஆரம்பித்தாள். வகுப்பில் ரிஃபத் மிஸ் ஒவ்வொரு வார்த்தையாக ஊட்டுவார். இங்கே மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லை. 'மரி' என்று காதில் விழுந்தது. புருஷன். 'வேலோ' என்று விழுந்தது. சைக்கிள். 'ஒப்பித்தால்', 'அக்ஸிதான்'. இந்த இரண்டுக்கும் பாடமே வேண்டாம், இங்கிலீஷ் தெரிந்தால் போதும்.

"லான்த்மான், ஸில் வூ ப்ளே" என்று கெஞ்சினாள். மெதுவாகச் சொல்லுங்க. "இங்கிலீஷ்? இங்கிலீஷ் பிளீஸ்?"

"நோ இங்கிலீஷ், மதாம். டாக்டர் இங்கிலீஷ். டாக்டர் நோ ஹியர்."

ஆனாலும் அந்த நர்ஸ் நல்லவள். குழந்தைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்தித் திரும்பச் சொன்னாள். நவ்யா ஒவ்வொரு வார்த்தையையும் இங்கிலீஷில் பிடித்து, தமிழுக்குக் கொண்டுவந்து, மனசுக்குள் அடுக்கினாள். முதல் ஷிப்டுக்கு சைக்கிளில் போயிருக்கிறான். ரோட்டில் பனி உறைந்து கிடந்திருக்கிறது. வேன். வயிறு. 'கிராவ்'. நிலைமை மோசம். ஆபரேஷன் செய்தாக வேண்டும். மயங்குவதற்கு முன்னால் ரித்விக் தன் கையைக் காட்டி, ஊசி என்றும் அலர்ஜி என்றும் சொல்லியிருக்கிறான். எந்த மருந்து என்று சொல்வதற்குள் நினைவு போய்விட்டது.

"கெல் மெதிகமான், மதாம்?"

எந்த மருந்து? நவ்யாவுக்கு எப்படித் தெரியும்? புருஷனுக்கு எந்தக் குழம்பு பிடிக்கும் என்று தெரியும். எந்த ஊசி ஆகாது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"ஸா மேர்" என்றாள் நர்ஸ். அவரோட அம்மா. அம்மாவைக் கேளுங்க. நான் திரும்பக் கூப்பிடறேன். சீக்கிரம்.

போன் கட்டாகிவிட்டது.

நவ்யா அரிவாள்மணையைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். கூடத்தில் லட்சுமியம்மாள் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். ராத்திரி யானை சாய்த்துவிட்டுப் போன தென்னைகளைத் தோப்பில் பார்த்துவிட்டு, சென்னகேசவன் அப்போதுதான் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அத்தை... மாமா... அவருக்கு ஆக்சிடெண்டாயிருச்சுங்க. ஆஸ்பத்திரில இருக்கறாருங்க. நெம்ப சீரியஸா இருக்கறாருன்னு நர்ஸ் பேசினாங்க."

சென்னகேசவன் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். லட்சுமியம்மாளின் விரல் பூவிலேயே நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் சாவுச் செய்தியைச் சாவு என்று சொல்லி அனுப்ப மாட்டோம். கேட்கிறவர்கள் வழியில் விழுந்துவிடுவார்களே என்ற பயம். "நெம்ப சீரியஸா இருக்கறாங்க, கெளம்பி வாங்க" என்போம். அவ்வளவுதான். கேட்டவர்களும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் காரை எடுப்பார்கள். போத்தனூரில் சென்னகேசவனின் அண்ணன் போனபோது இப்படித்தான் செய்தி வந்தது. போய் இறங்கினால் வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள்.

நவ்யாவும் கோயமுத்தூர்க்காரிதான். அவளுக்கும் இது தெரியும். வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பதே உறைத்தது.

"அத்தை, இல்லீங்க! நெசமாவே சீரியஸ்னுதான் சொன்னாங்க! உசுரோட இருக்கறாரு!"

லட்சுமியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. பாவம், சின்னப் பொண்ணு, சமாளிக்கப் பார்க்கிறாள் என்ற இரக்கம்தான் இருந்தது.

"நா கொடுகா!"

தெலுங்கில்தான் வந்தது. வெளியே எத்தனை கொங்குத் தமிழ் பேசினாலும், இந்த வீட்டில் அழுகை தாய்மொழியில்தான் வரும். என் மகனே என்று அவள் மார்பில் அடித்துக்கொண்டு சாய்ந்தாள். கூடை கவிழ்ந்து பூவெல்லாம் தரையில் கொட்டியது.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பூவாத்தாள் ஓடிவந்தாள். "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றாள். சென்னகேசவன், "பெரியவனுக்கு சீரியஸ்னு போன் வந்துச்சு" என்றார். பூவாத்தாள் அதற்கு மேல் கேட்பாளா? தலைமுடியை அவிழ்த்துவிட்டு லட்சுமியம்மாளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். ராசா மாதிரி போனியே, கண்ணு!

"அழுவாதீங்க அக்கா! அவரு சாகல!" என்று நவ்யா கத்தினாள். அவள் குரல் அந்தச் சத்தத்தில் எடுபடவே இல்லை.

சென்னகேசவன் அவளைக் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். பெரிய மனுஷர். ரெண்டு ரைஸ் மில் நடத்தியவர். இதுவரை மருமகளிடம் அதட்டிக்கூடப் பேசியதில்லை. இப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"கண்ணு. எங்கிட்ட மட்டும் சொல்லு. எப்ப?"

"மாமா, சாமி சத்தியமா உசுரோட இருக்கறாருங்க. ஆபரேஷன் பண்ணோணுமாம். ஒரு மருந்து பேரு கேக்கறாங்க."

"செரி கண்ணு. அத்தைகிட்ட அப்படியே சொல்லீட்டு இரு. அதுதான் நல்லது." தோள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "எப்பக் கொண்டாருவாங்கன்னு கேட்டியா?"

அவள் உண்மையைச் சொல்லச் சொல்ல அது பொய்யாகிக்கொண்டே போனது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி இல்லை.

அப்போதுதான் அந்த நினைப்பு அவளுக்குள் நுழைந்தது. எல்லாரும் இவ்வளவு நிச்சயமாக இருக்கிறார்களே. அந்த நர்ஸும் நம்மைப் போலவே இதமாகச் சொல்லியிருந்தால்? அவள் கொட்டிய வார்த்தைகளில் பாதிதானே புரிந்தது. புரியாத பாதியில் அது இருந்திருந்தால்? செத்துப்போனார் என்பதற்கு பிரெஞ்சில் என்ன வார்த்தை? நவ்யாவுக்குத் தெரியாது. அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது.

புத்தகத்தை எடுத்தாள். ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் நெம்பினாள். வரவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தாள், உதட்டில் கீறி ரத்தம் வந்தது. டை என்றால் மூரீர். டெட் என்றால் மோர். உச்சரிப்பு நம்ம ஊர் மோரேதான். வேறு நாளாக இருந்தால் மாமியாரும் மருமகளும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

நர்ஸ் அதைச் சொன்னாளா? நவ்யா கண்ணை மூடி மூடி யோசித்தாள். சொன்ன மாதிரியும் இருந்தது. சொல்லாத மாதிரியும் இருந்தது. ரித்விக்கின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், குல்லாய் போட்டுக்கொண்டு, "குளிரு தாங்கலடி" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்த முகம். சாமி, அவரை எடுத்துக்காதே. அவள் வாய்விட்டே சொன்னாள்.

வந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டாள். ரெக்கார்ட் பண்ணி வைத்த குரல் ஒன்று, எதற்கு எந்த எண்ணை அமுக்க வேண்டும் என்று சடசடவென்று ஒப்பித்தது. ஒன்றை அமுக்கினாள். பாட்டு வந்தது. இரண்டை அமுக்கினாள். கட்டாகிவிட்டது. ரிஃபத் மிஸ்ஸைக் கூப்பிட்டாள். மிஸ் பரீட்சை ஹாலில் இருப்பார், போன் சுவிட்ச் ஆஃப்.

வாசலில் சென்னகேசவன் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "ஆதர்ஷ், அண்ணனுக்கு சீரியஸ்ப்பா. கெளம்பி வா." அந்தப் பக்கம் ஆதர்ஷும் எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது. அடுத்து போத்தனூர்த் தங்கச்சி. அடுத்து சம்பந்தி வீடு. ஒறம்பரை, சொந்தபந்தம் மொத்தமும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கும்.

நவ்யா மாமியார் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தை, அழுவறத நிறுத்துங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவருக்கு எந்த ஊசி ஆகாது?"

"இனி எந்த ஊசி ஆனா என்னடி? இனி எதுக்கடி அது? நாந்தான் போயிட்டு வான்னு அனுப்பி வெச்சேன்! நாந்தான்!"

"அத்தை, கேளுங்க—"

"அந்த எழவெடுத்த பாடத்த நீ அன்னிக்குப் படிச்சே. அது பலிச்சுப்போச்சு!"

நவ்யாவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அழ நேரமில்லை. பூவாத்தாள் வேறு இடையில் புகுந்து, "பெத்த வயிறு அம்மணி, நீ ஒண்ணும் பேசாதே, அளுவட்டும் விடு" என்றாள். பெத்த வயிறு அழுதுகொண்டே இருந்தால், அங்கே அவன் போய்விடுவான் என்று யாருக்கும் புரியவில்லை. அங்கே ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்துக்கொண்டு, எந்த மருந்தைப் போடக் கூடாது என்று தெரியாமல் அவர்கள் காத்திருக்கிறார்கள். எத்தனை நேரம் காத்திருப்பார்கள்? காத்திருக்க முடியாமல், வருவது வரட்டும் என்று போட்டுவிட்டால்?

போன் அடித்தது.

அதே நம்பர். நவ்யா ஸ்பீக்கரில் போட்டாள். மாமனாரின் கையிலிருந்த போனை வாங்கி, மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். அது பூவாத்தாளின் ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டு, 'ராஜா குதிரை சந்தைக்குப் போனார்' என்று எழுதிக் காட்டியது. அதைத் தூக்கிச் சோபாவில் எறிந்தாள்.

"மதாம்? லா மேர்? கெல் மெதிகமான்?"

நர்ஸின் குரலில் இப்போது அவசரம் இருந்தது. பின்னால் யாரோ ஆண் கத்துவதும், சக்கரம் உருளுவதும் கேட்டது.

"அத்தை! அவங்கதான்! மருந்து பேரு கேக்கறாங்க!"

லட்சுமியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

நவ்யாவுக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. பயத்திலிருந்து வந்த கோபம். மாமியாரின் இரண்டு கையையும் காதிலிருந்து பிடித்து இழுத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மாமியாரை இப்படித் தொட்டதில்லை.

"செத்துப்போனவனுக்கு எவளாச்சும் ஊசி போடுவாளா?"

ஒப்பாரி பாதியில் நின்றது. பூவாத்தாள் வாயைப் பிளந்தபடி பார்த்தாள். அந்த வீட்டில், அந்த வார்த்தையை, அதுவும் மூத்த மருமகள் வாயால்!

"வாயக் கழுவுடி!" என்றாள் லட்சுமியம்மாள்.

"கழுவறேன். அப்பறம் கழுவறேன். மொதல்ல சொல்லுங்க. பொணத்துக்கு யாராச்சும் மருந்து ஒத்துக்குமான்னு கேப்பாங்களா? பொணத்துக்கு ஆபரேஷன் பண்ணுவாங்களா? நானு பொய் சொல்றேன்னே வெச்சுக்குங்க. அந்தப் பொம்பள என்னத்துக்கு ரெண்டாந்தடவ கூப்பிட்டு, அம்மாவ கேளு, அம்மாவ கேளுங்கறா? உங்க பையன் அங்க மூச்சு விட்டுட்டு இருக்கறாரு அத்தை! நீங்க இங்க அவருக்கு அளுதுட்டு இருக்கறீங்க!"

லட்சுமியம்மாளின் முகத்தில் ஏதோ மாறியது.

"மதாம்?" என்றது போன். "அலோ? மதாம்?"

லட்சுமியம்மாள் எழுந்திருக்கவில்லை. முழங்காலிலேயே ஊர்ந்து வந்தாள், சிதறிக் கிடந்த பூ மேலேயே ஊர்ந்து வந்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"பென்சிலினுங்க" என்றாள். "ஏனுங்க, கேக்குதுங்களா? பென்சிலினுங்க! என்ற பையனுக்குப் பென்சிலின் ஆகாதுங்க. ஒண்ணாவது படிக்கறப்ப காச்சலுக்குப் போட்டாங்க, மொகமெல்லாம் வீங்கி மூச்சு நின்னு போயிருச்சுங்க. தூக்கிட்டு ஓடுனேனுங்க. அத மட்டும் போட்டுப் போடாதீங்க சாமி. பென்சிலின்!"

நவ்யா பிரெஞ்சில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் பதில் வந்துவிட்டது.

"பெனிஸிலீன்? பெனிஸிலீன், மதாம்?"

"ஆமாங்க! அதேதானுங்க!"

"தக்கோர், தக்கோர். மெர்ஸி, மதாம். மெர்ஸி." சரி, நன்றி என்று சொல்லிவிட்டு நர்ஸ் திரும்பி யாரிடமோ அந்த வார்த்தையைக் கத்திச் சொன்னாள். காலடிச் சத்தம் ஓடியது. போன் கட்டாயிற்று.

லட்சுமியம்மாள் மருமகளைப் பார்த்தாள். "அவளுக்குப் புரிஞ்சுதா கண்ணு?"

"புரிஞ்சுதுங்க அத்தை. இங்கிலீஷ்லயும் அதே பேருதான், அவங்க பாஷைலயும் கிட்டத்தட்ட அதே பேருதான்."

லட்சுமியம்மாள் அப்படியே நவ்யாவின் மடியில் சாய்ந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். முதல் முறையாகச் சேர்ந்து அழுதார்கள்.

சென்னகேசவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப... உசுரோடதான் இருக்கறானா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். அவர் தன் போனைச் சோபாவிலிருந்து எடுத்து, யாருக்குப் போட்டு என்னவென்று மாற்றிச் சொல்வது என்று தெரியாமல், பெயர்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார். பூவாத்தாள் அவிழ்த்த முடியைக் கட்டிக்கொண்டாள். போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் பூவைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

அதன் பிறகு காத்துக் கிடந்தது இருக்கிறதே, அதுதான் அந்த நாளின் கொடுமை. ஆபரேஷன் நடக்கிறது. யாரும் சாப்பிடவில்லை. அடுப்பில் பாதி வெந்த பருப்பு ஆறிக் கிடந்தது. போன் கூடத்து நடுவில், டேபிள் என்றும் அதன் கீழே தாப்ள் என்றும் சீட்டு ஒட்டியிருந்த மேஜை மேல் இருந்தது. அதன் திரை கறுத்துப் போகும்போதெல்லாம் நவ்யா தொட்டு வெளிச்சம் வரவைத்தாள். சார்ஜ் இருக்கிறதா, டவர் இருக்கிறதா என்று மாற்றி மாற்றிப் பார்த்தாள். மலை ஓரத்து ஊர், காற்றடித்தால் டவர் போய்விடும். அன்றைக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"நாந்தான் அந்தப் பாடத்தைப் பின்னடிச்சு வெச்சேன்" என்றாள் லட்சுமியம்மாள் தரையைப் பார்த்தபடி. "படிக்கலீன்னா அது வராதுன்னு நெனைச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனைச்சேனுங்க அத்தை" என்றாள் நவ்யா. பொய் இல்லை. அவளுக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தாள்.

வாசலில் கார் வந்து நின்றது. போத்தனூர்த் தங்கச்சி இறங்கினாள். பின்சீட்டிலிருந்து பெரிய ரோஜா மாலை ஒன்று இறங்கியது. அவள் அண்ணா என்று குரலெடுக்கும் முன் சென்னகேசவன் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினார். மாலையைப் பிடுங்கிக் காருக்குள்ளேயே திணித்தார். அங்கே கிசுகிசுவென்று என்னவோ சொன்னார். தங்கச்சி, "ஓ, அப்படிங்களா" என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தாலே தெரிந்தது, அவள் நம்பவில்லை.

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது.

நவ்யாவின் கை நீளவில்லை. நீட்ட நினைக்கிறாள், கை வரமாட்டேன் என்கிறது. லட்சுமியம்மாள்தான் போனை எடுத்தாள். பச்சையைத் தள்ளினாள்.

"ஏனுங்க. என்ற பையன் எப்படி இருக்கறானுங்க?"

பதில் நர்ஸின் குரல் இல்லை. ஆண் குரல். தணிந்து, மெதுவாக, பொறுமையாகப் பேசியது. பின்னால் மெஷின் சத்தமும் இல்லை, ஓட்டமும் இல்லை. அந்த அமைதிதான் லட்சுமியம்மாளைப் பயமுறுத்தியது. போனை மருமகளிடம் நீட்டினாள்.

"நீ கேளு, கண்ணு."

நவ்யா வாங்கிக்கொண்டாள்.

"அம்மணி." லட்சுமியம்மாள் அவள் முழங்கையைப் பிடித்தாள். நன்றாக வலிக்கும்படி பிடித்தாள். "அவங்க என்ன சொல்றாங்களோ, அதையே சொல்லு. எனக்காவ ஒரு வார்த்தை மாத்தாதே. எதுவா இருந்தாலுஞ் செரி. நானு தாங்கிக்கறேன்."

"செரிங்க அத்தை."

"சத்தியம் பண்ணு."

"சத்தியமுங்க."

நவ்யா போனைக் காதில் வைத்தாள். "வீ, டாக்டர்" என்றாள். "இங்கிலீஷ், பிளீஸ்."

டாக்டர் இங்கிலீஷுக்கு மாறினார். தட்டுத்தடுமாறிய இங்கிலீஷ்தான், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்தது. முதலில் தன் பெயரைச் சொன்னார். அவள்தான் மனைவியா என்று கேட்டார். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, இன்னொன்று சொன்னார்.

நவ்யா போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினாள்.

"என்னடி சொல்றாங்க?" என்றாள் லட்சுமியம்மாள். "மாத்தாம சொல்லு."

நவ்யா மாமியாரின் கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

"பேசறதுக்கு முன்னால உக்காரச் சொல்றாருங்க, அத்தை."

லட்சுமியம்மாள் உட்காரவில்லை.